மூலை மடித்த சீட்டு

எனக்குத் துரோகம் செய்தவள் யாரோ இல்லை, என் மகளின் ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று என் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள். சாட்சி சொல்ல வந்தவள் கோபத்தோடு ஆரம்பிக்கிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கோபமெல்லாம் தீர்ந்த பிறகுதான் சொல்ல வேண்டுமென்றால் நான் கல்லறையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

என் பெயர் சகாயமேரி. காரைக்குடியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரி. 'இங்கு எல்லாக் குழந்தைகளும் சமம்' என்று வாசலிலேயே பெரிதாக எழுதியிருக்கும். வருகிறவர்களுக்குப் பெயர் எழுதிய சீட்டு கொடுப்போம். சீட்டுகள் அடுக்காக டாக்டர் மேஜைக்குப் போகும். மேலே இருப்பதை முதலில் கூப்பிடச் சொல்வார்.

அந்த அடுக்கில் ஒரு வழக்கம் இருந்தது. டிரஸ்ட் ஆட்கள் யாரையாவது அனுப்பினால், பெரிய வீட்டுப் பிள்ளை வந்தால், சீட்டின் மூலையை லேசாக மடித்து மேலே வைத்துவிடுவோம். மடித்ததை யாரும் கீழே மாற்றக் கூடாது என்று எங்களுக்குள் அடையாளம். பெஞ்சில் இருப்பவர்களை நேராகப் பார்த்து "இவங்க முன்னாடி போகட்டும்" என்றால் சண்டை வரும். மூலை மடித்தால் ஒருவருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் காரியம் முடிந்துவிடும். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தது யார் என்று பிறகு சொல்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், அக்டோபர், ஜெபமாலை மாதம். விடாத மழை. என் மகள் ஜெயசீலிக்கு நாலு வயது. இரண்டு நாள் இருமல். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பிள்ளைக்கு விலா ஒட்டி ஒட்டி இழுக்கிறது. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு அன்று லீவு நாள். சீட்டு மேஜையில் செல்வராணி இருந்தாள்.

செல்வராணியை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி வைத்திருந்தேன், ஜெயசீலிக்கு ஞானத்தாயாகவும் அவளையே நிறுத்தினேன். அவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. இனி பயமில்லை என்று நினைத்தேன்.

அன்று பார்த்து, கல்யாணத்துக்காக மெட்ராசிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய குடும்பம் மூன்று பிள்ளைகளோடு வந்துவிட்டது. ஜலதோஷம். டிரஸ்டிலிருந்து போனும் வந்திருந்தது. செல்வராணி அந்த மூன்று சீட்டையும் மடித்து மேலே வைத்தாள். என் பிள்ளையின் சீட்டை எடுத்தாள். என் கண்ணெதிரிலேயே அடுக்கின் அடியில் செருகினாள்.

பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீ நம்ம ஆளுதானக்கா, செத்தப் பொறு. ஒனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா! அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மடியில் பிள்ளை துணி மாதிரிக் கிடந்தாள். ஜெபமாலையை எடுத்தேன். முதல் பத்து மணியைத் தாண்ட முடியவில்லை. ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. மாதாவே, இந்த மாதம் முழுக்க உமக்குப் பூ வைத்தேனே, நீருமா என்னைக் கைவிடுகிறீர் என்று கேட்டேன். நீரும் மூலை மடித்த ஜெபத்தைத்தான் முதலில் எடுப்பீரோ என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்காகப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆனால் அன்று மனசார அப்படித்தான் கேட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னேன்: யாரையாவது அனுப்பும்.

பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். நெற்குப்பை ஊர்ப் பக்கத்தவள், கூலி வேலை செய்கிறவள் போலிருந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதது. அவள் வெகு நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராணி "பாண்டிச்செல்வி" என்று கூப்பிட்டாள். அது இந்தப் பெண்ணின் பிள்ளை பெயர். அவள் எழுந்தாள். உள்ளே போகாமல் என் பக்கம் திரும்பினாள்.

"போன தடவ எங்க சீட்ட அடியில தள்ளுனது நீங்கதானக்கா. மத்தியானம் வரைக்கும் இருந்தோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எம்புள்ள அழுகுது, ஒங்க புள்ள அழுகக்கூட இல்ல. அழுகுற புள்ள காத்திருக்கும். நீங்க உள்ள போங்க."

செல்வராணி மறித்தாள். அந்தப் பெண் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு எனக்காகக் கதவைத் திறந்துவிட்டாள்.

டாக்டர் ஜெயசீலியின் உதட்டைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நிமோனியா. ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்று அவரே பிறகு சொன்னார். இதை ஏன் முதலிலேயே உள்ளே அனுப்பவில்லை என்று வாசல் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"அக்கா எங்கிட்டச் சொல்லவே இல்ல டாக்டர்," என்றாள் செல்வராணி.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மடித்த மூலைக் கதை முழுக்க வெளியே வரும். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தது நான். அவளுக்குக் கத்துக்கொடுத்ததும் நான். சீட்டை எப்படி மடித்தால் மற்றவர்களுக்குத் தெரியாது என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

என் பிள்ளை நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். அல்லேலூயா என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. விக்கி விக்கி அழுதேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் யாரை அனுப்பினார் பாருங்கள். நான் யாரை அடியில் தள்ளினேனோ அவளையே அனுப்பினார். நன்றி சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகுமுன் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "மடிச்சிருக்கிறது என் கண்ணுல படாமலா இருக்கும், மேரி?" என்றார். அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வருஷக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. வாசலில் எழுதியிருந்த 'சமம்' எங்களில் ஒருவருக்கும் உண்மையாக இருக்கவில்லை. அன்று நான் உடைந்த மாதிரி பிள்ளை கிடந்தபோதுகூட உடையவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து அவர் மடித்த சீட்டை எடுக்கவில்லை. டிரஸ்டில் ஒருவர் வந்து குதித்தார். டாக்டர் அசையவில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. நான் காலையில் பெஞ்சு முழுக்க ஒரு நடை நடந்து வருவேன். சீட்டைப் பார்க்க மாட்டேன், பிள்ளைகளைத்தான் பார்ப்பேன். எந்தப் பிள்ளை சத்தமில்லாமல் கிடக்கிறதோ அதற்குத்தான் முதல் இடம். அது கொத்தனார் பிள்ளையாக இருந்தாலும் சரி, டிரஸ்டி பேரனாக இருந்தாலும் சரி. இது எந்த நர்சும் சொல்லிக்கொடுத்ததில்லை, நெற்குப்பைப் பெண் சொல்லிக்கொடுத்தது.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்ப வந்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். என் கை தன்னால் சீட்டின் மூலைக்குப் போய்விட்டது. என் பிள்ளையைக் காப்பாற்றியவளுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா? பாதி மடித்தும்விட்டேன். பிறகு அவள் பிள்ளையைப் பார்த்தேன். நல்ல தெம்பாகக் கத்திக்கொண்டிருந்தது. மூலையை நிமிர்த்தி, வந்த வரிசையிலேயே வைத்தேன். டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்ச நேரம் ஆகும்மா," என்றேன். "அழுகுதுல்ல, இருக்கட்டும்க்கா," என்று சிரித்தாள்.

அன்பானவர்களே, கஷ்டத்தில் இருக்கிறீர்களா, கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் பரவாயில்லை, ஆண்டவர் அதையும் கேட்கிறார். ஆனால் பதில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். யாரை நம்பினேனோ அவர்கள் கைவிட்டார்கள். யாரை ஒதுக்கினேனோ அவள் வந்தாள்.

ஒரு விண்ணப்பமும் உண்டு. செல்வராணி கோவிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் உட்காருகிறாள். கிறிஸ்துமஸுக்கு ஜெயசீலிக்குக் கேக் கொண்டுவருகிறாள். பிள்ளை சாப்பிடுகிறாள். எனக்கு இறங்குவதில்லை. "அக்கா சொல்லவே இல்ல" என்றாளே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. அவளை மன்னிக்கிற மனசைக் கொடும் என்று தினமும் கேட்கிறேன். அந்த ஜெபம் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்காக நீங்களும் கேளுங்கள். மூலை மடிக்க வேண்டாம், அதன் முறைக்கே வரட்டும்.