பதினாலு குருசு

போடி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சின்ன பிரஸ்பிட்டேரியன் கோயிலில் பதினெட்டு வருஷம் மணியடித்தவர் ஞானபாக்கியம். கூட்டுவது, விளக்குத் துடைப்பது, சாவி வைத்துக்கொள்வது எல்லாம் அவர்தான். முன்பு கணவர் சுந்தர்ராஜ் பார்த்த வேலை அது. அவர் இறந்த பிறகு வேலையும் கோயிலுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையும் இவருக்கு வந்தன. வேறு வீடு கிடையாது. பிறந்தது அனுமந்தன்பட்டியில், ஆர்.சி. என்கிற கத்தோலிக்கக் குடும்பத்தில், கல்யாணத்துக்காகச் சபை மாறியவர். அதைச் சபையில் யாரும் மறக்கவில்லை. சொல்லிக்காட்டத்தான் சமயம் வாய்க்கவில்லை.

1974இல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவநாட்களில் வாய்த்தது.

முதல் வெள்ளிக்கிழமை விடிந்தபோது கோயிலைச் சுற்றி மண்ணில் குட்டிக் குட்டிச் சிலுவைகள் ஊன்றியிருந்தன. விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து, குறுக்கே வைத்து, நூலால் இறுக்கிக் கட்டியவை. ஞானபாக்கியம் ஒரு சுற்று நடந்து எண்ணினார். பதினாலு. எண்ணி முடித்ததுமே புரிந்துவிட்டது. சின்ன வயதில் லெந்து வெள்ளிதோறும் பதினாலு இடத்தில் முழங்கால் போட்டுச் சிலுவைப்பாதை செய்தவர் அவர். யாரோ ஓர் ஆர்.சி. ஆள் இங்கே செய்திருக்கிறார். சொன்னால் ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டார்.

மற்றவர்களுக்கு அது செய்வினை. அந்தக் கோயிலுக்குள் ஒரு சிலுவைகூடக் கிடையாது. வெள்ளைச் சுவர், பிரசங்க பீடம், வேதப்புத்தகம், அவ்வளவுதான். சபை மூப்பர் ஞானதுரை, பள்ளிக்கூட வாத்தியார், கையால் தொடாமல் மண்வெட்டியால் வாரிக் கொளுத்தினார். அடுத்த வெள்ளியும் பதினாலு.

மூன்றாம் வெள்ளி ஞானபாக்கியமே மாட்டிக்கொண்டார்.

“சார், அங்கன கெணத்தடியில இன்னொரு குருசு இருக்கு.”

பக்கத்தில் நின்ற இன்னொரு மூப்பர், ஏலக்காய் வியாபாரி ராஜமணி, திரும்பினார்.

“என்னது, குருசா? இத்தனை வருசம் நம்ம கோயில் சோறு தின்னும் சிலுவைன்னு வாயில வரலையோ?”

குருசு என்பது ஆர்.சி.க்காரர் வாயில் வருகிற சொல். கட்டியிருப்பதோ விளக்குமாற்று ஈர்க்கு. விளக்குமாறு யார் கையில் இருக்கிறது? ஞாயிறு கமிட்டி கூடி விசாரிப்பது, அறையைக் காலிசெய்யச் சொல்வது என்று பேச்சு எழுந்தது. சரக்கு வைக்கிற கிட்டங்கியில் மூட்டை அடுக்க இடமில்லை, அந்த அறை கிடைத்தால் நல்லது என்று ராஜமணி முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

கிணற்றடிக் குருசை மட்டும் ஞானபாக்கியம் முந்தானையில் முடிந்துகொண்டார். அறையில் வைத்துப் பார்த்தால், கட்டியிருந்தது சிவப்புச் சணல்நூல். ஏலக்காய் மூட்டை தைக்க அந்தத் தெருவில் கடைக்கு ஒரு நிறம். சிவப்பு ராஜமணிக்கு.

இந்த மனுசரே ஊன்றிவிட்டு நம் தலையில் போடுகிறாரா? பழைய சாக்குக் கேட்கிற சாக்கில் மறுநாள் அவருடைய கிட்டங்கிக்குப் போனார். காய் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, மலைக்கு அந்தப்புறத்து மலையாளத்துக்காரி ரோசம்மா, சோற்று நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஈர்க்கை ஒடித்து மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எதுக்கு?”

“குரிசுக்கு, சேச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப நேர்ந்தேன். எல்லா வெள்ளியும் விடியறதுக்கு முன்ன செஞ்சிட்டு வேலைக்கு வந்திருவேன். பக்கத்துல இருக்கறது அந்தப் பள்ளிதானே?” பள்ளி என்று அவள் சொன்னது கோயிலை.

“அது நம்ம கோயில் இல்லடீ,” என்றார் ஞானபாக்கியம். ‘நம்ம’ என்று வந்ததை அவரே கவனித்தார். “இனி எதையும் ஊண்டாத. வெறுங்கையோட நட. பதினாலு எடத்துல நின்னு செபம் சொல்லு, போதும்.”

பேரைச் சொன்னால் ரோசம்மாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் தன் அறை போகும். கமிட்டியில் அவர் குருசை மேசைமேல் வைத்து, “நூலைப் பாருங்கய்யா,” என்றார். ரோசம்மாவின் பேரை எடுக்கவில்லை.

ஞானதுரை நூலைப் பார்த்தார். பிறகு ராஜமணியைப் பார்த்தார்.

“மூட்டை அடுக்க எடமில்லன்னு சொல்லிக்கிட்டிருந்தீகளே.”

“என் கடை நூலுன்னா நானா ஊண்டுனேன்?”

கமிட்டி அத்தோடு கலைந்தது. அறை தப்பியது.

அடுத்த வெள்ளி ஒரு சிலுவையும் இல்லை. ராஜமணிக்கு அதுவே வினையாயிற்று. “மாட்டுனாக, நிறுத்திட்டாக,” என்று பெண்கள் பக்கத்தில் சிரித்தார்கள். கடைத்தெருவில் குருசு மொதலாளி என்று பேர் விழுந்தது. நற்கருணைக் கிண்ணத்தை அவர் நீட்டியபோது இரண்டு பேர் வாங்காமல் எழுந்து போனார்கள்.

அதற்கடுத்த வெள்ளி விடியற்காலையில் ராஜமணி டார்ச்சோடு கோயிலைச் சுற்றி வருவதை ஞானபாக்கியம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரு சிலுவையாவது அகப்படாதா என்று குனிந்து குனிந்து தேடினார். கிணற்றடியில் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. முதலில் ஞானபாக்கியத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ராஜமணி மதுரைக்கு, மகள் வீட்டுக்குப் போனார். அது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், கோயிலைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைக் கண்டார். பதினாலு சிலுவை. சணல் இல்லை, பச்சை வாழைமட்டையைக் கிழித்த நாரால் கட்டியவை.

“தப்பா நெனைச்சிட்டோம், ராஜமணி,” என்றார் ஞானதுரை. “நீங்க ஊர்லயே இல்லையே.”

“அதைத்தானே அன்னைக்கே சொன்னேன்,” என்றார் அவர். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நாலு பேர் அவரிடம் நின்று பேசினார்கள்.

பேசி முடித்து உள்ளே போகும் வழியில், மணிக்கயிற்றைப் பிடித்து நின்ற ஞானபாக்கியத்தைத் தாண்டினார். தாண்டியவர் இரண்டடி திரும்பி வந்தார். கயிற்றிலிருந்த அவருடைய விரல்களையே பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கருத்திருந்தது.

“வாழைக்கறை,” என்றார் ராஜமணி மெதுவாக. “எத்தனை கழுவுனாலும் போகாது.”

ஞானபாக்கியம் கயிற்றை விடவில்லை.

“கையை முந்தானைக்குள்ள வச்சுக்க, ஆத்தா. வாத்தியார் வர்றாக.”