ராணி நக்கிய கை

எங்கள் நாய் ராணிக்குக் குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்துவிடலாம் என்று என் மனைவி பல தடவை சொன்னாள். "ஏட்டி, வாயில்லா சீவன் வயித்தக் கிழிக்கச் சொல்லுதியே, பாவமில்லையா?" என்று வாயை அடைத்துவிடுவேன்.

கோவில்பட்டியில் கடுவன் குட்டியை ஆளாளுக்கு வாங்கிப் போவார்கள். பொட்டைக் குட்டியை ஒருவரும் தொட மாட்டார்கள். அந்த வருசம் பிறந்த மூன்றும் பொட்டை. கண் திறந்ததும் தீப்பெட்டி பண்டல் வரும் அட்டைப்பெட்டியில் போட்டுப் பசுவந்தனைக்கு பஸ் ஏறினேன். போன வருசம் மூணு குட்டிகளை விட்ட அதே வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அண்ணாச்சி, போன வருசம் விட்டுட்டுப் போனதும் நீங்கதானா?"

பக்கத்துப் புஞ்சையில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. அவள் காலடியில் ராணியை உரித்து வைத்தாற்போல, ஒரு காது மட்டும் வெள்ளையாய் ஒரு நாய்.

"மூணுல இது ஒண்ணுதான் தங்குச்சு," என்றாள். திட்டவில்லை. "இதுக்கு ஆபரேஷன் பண்ணியாச்சு, நல்லாத்தான் இருக்கு. இதுகளைத் தாய்கிட்ட கொண்டு போங்க. பால் மறந்ததும் தாய்க்கும் பண்ணிருங்க. ஒரு குட்டிய நான் வச்சுக்கிடுதேன்."

அப்படியே செய்தோம்.

அன்று பெட்டியை வீட்டில் இறக்கியதும் ராணி குட்டிகளை மோந்துவிட்டு என் கையை நக்கியது. போன வருசம் வெறுங்கையோடு திரும்பிய அன்றும், குட்டி வாடை அடித்த இதே கையை அது வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்தது. என் மேல் உள்ள பாசம் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.