பாதி வார்த்தை

நர்சிங் படித்தபோது தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு என் தோழியோடு பஸ்ஸில் போவேன். பாடத்தில் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகள் ஒவ்வொன்றும் கூட்ஸ் வண்டி நீளம். உண்டாக்கியவனுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. நாங்கள் அவற்றைப் பெட்டி பெட்டியாகக் கழற்றினோம். 'கேஸ்ட்ரோ' என்றால் வயிறு, 'என்டர்' என்றால் குடல், 'ஐட்டிஸ்' என்றால் வீக்கம். அவள் “கேஸ்ட்ரோ” என்று முன்பாதியைச் சொல்வாள், நான் “என்டரைட்டிஸ்” என்று பின்பாதியை மாட்டுவேன். பழக்கம் முற்றிப்போய், கண்டக்டர் எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்டால்கூட அவள் “சிதம்” என்பாள், நான் “பரம்” என்பேன்.

“ஏம்மா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வாயா?” என்று ஒருநாள் அவர் அலுத்துக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு வந்தது. எனக்கு அடுத்தது தோழியின் முறை என்பதால் அவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

“வயிறும் குடலும் சேந்து வீங்குனா அதுக்கு என்ன பேரு?” என்று தேர்வு நடத்திய மேடம் கேட்டார்.

தெரிந்த கேள்விதான். ஆனால் அவள் ஆரம்பிக்கட்டும் என்று பழக்கத்தில் காத்திருந்தேன்.

“தெரியலியா?”

“என்டரைட்டிஸ், மேடம்.”

“அது வெறும் குடலாச்சே. வயிறு எங்க?”

“வயிறு வெளிய நிக்கிறா, மேடம்” என்றேன்.