வீட்டுக்குப் போகுமுன் கட்டிய பூ

கொரோனாவால் முடங்கியிருந்த ஆடித் தபசுத் திருவிழா, மறுபடியும் சங்கரன்கோவில் தெருக்களை நிறைத்த ஆண்டு அது. கொடியேறி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு.

குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் நான் களப்பணியாளர். அன்று ராயகிரிப் பக்கம் ஒரு வீட்டில், அப்பாவிடம் அடிபட்டுக்கொண்டிருந்த சிறுமியை அழைத்து வந்து காப்பகத்தில் விட்டோம். அவள் என் முந்தானையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பல மாதங்களாகவே வருவதில்லை.

வீட்டில், இரண்டாம் வகுப்புப் படித்த என் மகள் முழங்காலில் சிராய்ப்போடு நின்றாள். அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "யாரு செஞ்சா? பயப்படாம சொல்லு. இதுக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். சைக்கிளிலிருந்து விழுந்தாளாம். பக்கத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்றும் கேட்டேன். கைகட்டிப் பதில் சொன்னவள் கடைசியில், "எல்லாம் சொல்லிட்டேம்லா... நான் போலாமா?" என்றாள்.

விசாரணை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் என்னிடம் கேட்பது அது. காயத்துக்கு மருந்து போட்டது என் கணவர்தான்.

வேலையை விடப்போகிறேன் என்று மறுநாள் உடன் வேலை பார்த்த தோழியிடம் சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, நீ பிள்ளைட்டதான கேட்ட? நான் எங்க வீட்டுக்காரர்ட்டயே, 'வீட்டுல வேற யாரெல்லாம் இருக்கீங்க?'ன்னு கேட்டுட்டேன். 'ஒங்கம்மாதான், ஊருக்குப் போவமாட்டேங்காவ'ன்னாரு."

சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

அன்று மாலை பேருந்து நிலையத்தில் அவள் உதிரி மல்லிகை வாங்கி, பாதியை என் மடியில் கொட்டி, நூலையும் தந்தாள். "கட்டு. முடிக்காம வீட்டுக்குப் போவக்கூடாது. நீ ஆபீஸ் பேச்சு எடுத்தேன்னா கட்டுன பூ எனக்கு."

முதல் வாரம் முழுக்க என் பூவும் அவள் தலையில்தான் இருந்தது. போகப் போக, சீரியல் கதையும், புளியங்குடி எலுமிச்சை விலையும், ஊருக்குப் போகாத அவள் அம்மாவும் எங்களுக்குப் பேச்சாயின. பூவைக் கட்டக் கட்ட, எனக்கே தெரியாமல் இறுகிக் கிடந்த தாடை தளரும்.

புரட்டாசியில் ஒரு நாள் மகள் மறுபடி விழுந்தாள். அழுதுகொண்டே ஓடிவந்து, "எல்லாம் ஒன்னாலதாம்மா! நீதான இந்தச் செருப்ப வாங்கிக் குடுத்த!" என்று என்னை அடித்தாள். "பாத்து ஓடத் தெரியாதாட்டி?" என்று நானும் கத்தினேன். கத்திவிட்டு, மடியில் போட்டுக்கொண்டேன்.

தோழி மாற்றலாகி வேறு மாவட்டம் போய்விட்டாள். தனியாக உட்கார்ந்து கட்டக் கை வரவில்லை. இப்போதெல்லாம் கட்டிய பூவையே வாங்குகிறேன். ஊரார் பிள்ளைகளுக்காக இன்றும் இந்த வேலையில் நிற்கிறேன் என்றால், ஒருத்தி என்னைத் தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்ததால்தான்.