வலது காலிலேயே எண்ணூர் வரை

தை மாதம் பழவேற்காட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன். ரயில் இருக்கும்போது குதிரை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதினோரு வருஷமாக என்னைச் சுமக்கும் செல்லி லாயத்தில் நிற்கும்போது ரயில் எதற்கு என்று நான் கேட்டேன். இந்த வாய்க்கொழுப்பை அன்றே யாராவது அடக்கியிருக்கலாம்.

காலை ஐந்து மணிக்கு ராயபுரம். திருவொற்றியூர் வரை நாலு மைல், நடையிலேயே போனோம். ஆறு பத்துக்கு அங்கே கொள்ளுக்கு இரண்டணா கொடுத்தேன். அங்கிருந்து எண்ணூர் நெட்டுக்குப்பம் ஆறு மைல், ஈர மணலில் பாய்ச்சல்.

பாய்ச்சலில் குதிரை ஒரு முன்னங்காலை முந்த வைக்கும். ஒவ்வொரு தாவலிலும் கடைசியில் முழுப் பாரமும் அந்தக் காலில்தான் இறங்கும். ஆகவே மைலுக்கு ஒருமுறை வேகத்தைக் குறைத்து, மெல்லோட்டத்துக்குக் கொண்டுவந்து, மறு காலை முந்தவிட வேண்டும். நடுவில் அரை மைல் நடை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் செல்லி இடது காலில் பாய்ந்தால் என் பழைய இடுப்பு வலி எழும்பும். வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம், கரையும் அந்தப் பக்கமே சரியும். சரிவுப் பக்கத்துக் காலிலேயே ஆறு மைலும் ஓட்டினேன்.

ஆறு ஐம்பதுக்கு நெட்டுக்குப்பத்தில் செல்லி நின்றுவிட்டாள். வலது காலைத் தரையில் ஊன்றவில்லை. முழங்காலுக்குக் கீழே தொட்டால் சுட்டது. கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து, நாங்கள் வந்த வழியே காலிக் கூடையோடு ஒரு மீன்கார அம்மாள் நடந்து வந்தாள்.

"இன்னா நைனா, உன் குர்தயா? வயி பூரா தடத்த பாத்துகினே வந்தேன். ஒரு குயி மட்டும் ஆயமா கீது. காலை மாத்தவே இல்லியா?"

"மாத்தினா எனக்கு இடுப்பு வலிக்கும்மா."

"அதுக்கு வலிக்காதா?"



அக்காவைப் பார்க்கவில்லை. செல்லியை நடத்திக்கொண்டு அதே கரையில் திரும்பினேன். அலை அழிக்காத இடமெல்லாம் நான் செய்தது குழி குழியாகக் கிடந்தது. பார்க்காமல் நடக்க முயன்றேன், முடியவில்லை. ராயபுரம் வந்து சேர மாலை நாலு.

லாயக்காரர் காலைத் தடவிப் பார்த்தார். "நரம்பு பூட்ச்சி மாமு. இனிமே நிக்கும். ஓடாது."

இந்த வழியில் குதிரையில் போக நினைப்பவர்கள் மைலுக்கு ஒருமுறை இறங்கி, வந்த தடத்தைப் பாருங்கள். ஒரு குழி மட்டும் ஆழமாக இருந்தால் காலை மாற்றுங்கள். மாற்ற உங்கள் உடம்பு இடம் கொடுக்காவிட்டால் தயவுசெய்து ரயிலில் போங்கள்.

செல்லி லாயத்தில்தான் நிற்கிறாள். நான் உள்ளே போனால் கிளம்பப் போகிறோம் என்று நினைத்துக்கொள்கிறாள். எனக்குப் பிடித்த வலது காலையே முதலில் எடுத்து வைக்கிறாள், உடனே வலியில் இழுத்துக்கொள்கிறாள். மறுநாளும் அதே காலைத்தான் எடுக்கிறாள்.