தொடையில் தட்டிய தாளம்

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில், டாக்குரியாவில் குடியிருந்தோம். எதிர்வீட்டு வங்காளிப் பெண்ணை எல்லோரையும் போல நானும் பௌதி, அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். அவள் வந்து தெரு சரஸ்வதி பூஜையில் நான் பாட வேண்டும் என்றாள். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். மேல் ஸட்ஜத்துக்குப் போனால் என் தொண்டை இறுகி, ஸ்வரம் பாதியில் உடையும் என்பது அவளுக்குத் தெரியாது. அது ஒலிபெருக்கியில் உடைந்தால் மானம் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

மிளகுப் பால், வெந்நீர், எதையும் விடவில்லை. தினமும் காலையில் சம்மணமிட்டு, தொடையில் தாளம் தட்டிச் சாதகம் செய்வேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "இன்னைக்கு எத்தனை கொசு அடிச்சே?" என்பார். சங்கீத ஞானம் துளியும் இல்லாத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அலுவலகம் போகிற லோக்கல் ரயிலில் நெரிசலில் சிக்கி நின்றேன். இரண்டு கையாலும் டிபன் பையை வயிற்றோடு அணைத்திருந்தேன். இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று மெல்லப் பாடினேன். மூச்சு இழுத்தபோது பை முன்னால் நகர்ந்தது. மேல் ஸட்ஜம் அலுங்காமல் வந்து நின்றது. நம்பாமல் மறுபடி பாடினேன். மறுபடியும் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் பீரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாடினேன். ஒவ்வொரு தட்டுக்கும் வலது தோள் மேலே ஏறியது, கூடவே தாடையும். வயிறு பலகையாக இறுகியிருந்தது. மூச்சு போக இடமே இல்லை. குற்றம் என் கையினுடையது; இத்தனை வருஷம் பாவம் தொண்டைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு பாடினேன். ஆனாலும் கை சும்மா இருந்தால் தாளம் நழுவிவிடுமோ என்ற உதைப்பு போகவில்லை.

பூஜையன்று பந்தலில் மஞ்சள் புடவைக்காரிகளுக்கு நடுவே, இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நாலாவது வரியில் தடுமாறி நிமிர்ந்தால், முன்வரிசையில் என் கணவர் தன் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் கேட்டுக் கேட்டு வந்த தாளம். ஒரு தட்டுகூடத் தவறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். ஸட்ஜம் உடையவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "இதை எப்படித்தான் தினம் பண்ணினியோ, தோளே விட்டுப்போச்சு."

"எத்தனை கொசுங்க?" என்று கேட்டேன்.