சட்டம் பேசிய நர்ஸ்

நிலக்கோட்டையில் பூ வேனிலிருந்து விழுந்து காலைக் கிழித்துக்கொண்டு, திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கிருந்த நெட்டை நர்ஸ் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார். கட்டிலில் பீடி பிடித்தால்கூட சட்டப்படி குற்றம்.

வேன் வேலை போய்விடுமென்று, புண் ஆறுவதற்குள் நான் கிளம்பினேன்.

"தாராளமாப் போ அப்பு. கால் அழுகிப்போச்சுன்னா சட்டப்படி என் நர்ஸ் பதிவை ரத்து பண்ணிருவாக. என் பிள்ளைகளுக்கு நீ வந்து கஞ்சி ஊத்து."

திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன். கால் பிழைத்தது, வேலைதான் போனது.

கிளம்பும் நாளில், "நெசமாவே அப்படிச் சட்டம் இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? நர்ஸிங் படிச்சப்ப சட்டப் பாடத்துலதான் நல்லாத் தூங்குனேன்," என்று சிரித்தார்.

பிறகு வேலை தேடி அலைந்த எத்தனையோ ஊர்களில் போலீஸ்காரர்கள் என்னிடம் சட்டம் பேசினார்கள். ஒருவருக்கும் நான் அப்படி அடங்கியதில்லை.